கொம்பனுக்குப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை

கெல்டோரா நாட்டு இளவரசியைக் கருங்கோட்டையில் அடைத்துப் பல வருஷமாகிறது. வடக்கே மூன்று ஊர் எரிகிறது; அணைக்க ஆளில்லை. இத்தனை பேரையும் காப்பாற்ற வேண்டிய வீரன், வாளை மடியில் போட்டுக்கொண்டு, முதல் ஊரின் முதல் சாராயக் கடையில் உட்கார்ந்து காய் நகர்த்திக்கொண்டிருக்கிறான். வாசலில் கட்டிய குதிரைக்குக்கூட அது பழகிவிட்டது. வீரன் எழுந்திருக்க மாட்டான். அவனை ஆட்டுவிக்கிற மணிமுத்து எழுந்தால்தானே அவன் எழுந்திருக்க?

மணிமுத்து உட்கார்ந்திருப்பது பாவூர்சத்திரத்தில், பார்வதியம்மாள் காய்கறி மண்டியின் பின்னறையில். எதிர்ச் சுவரில் டிவி. முதுகுக்குப் பின்னால் பல்லாரி வெங்காய மூட்டைகள். கையில் ரிமோட்.

கெல்டோரா என்பது வீடியோ கேம். மூன்று பாகம் வந்துவிட்டது. மூன்றிலும் சண்டை உண்டு, சூனியக்காரி உண்டு, பனைமர உயரத்துக்கு எலும்புக்கூடு உண்டு. மற்றவர்கள் அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். ஆனால் களைத்து வரும் வீரன் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்று, சாராயக் கடைதோறும் ஒரு பலகை ஆட்டத்தையும் வைத்திருக்கிறார்கள். ஓர்வெக் என்று பேர். சதுரங்கத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ராஜாக் காய்க்கு இரண்டு கொம்பு இருப்பதால் மண்டியில் அதைக் கொம்பன் ஆட்டம் என்பார்கள். மூன்று பாகத்திலும் மணிமுத்து இளைப்பாறியது தவிர வேறெதுவும் செய்ததில்லை.

கேட்கிறவர்களுக்குச் சரியான சோம்பேறி என்று தோன்றும். பாவூர்சத்திரத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வேலை செய்ய அவனை யாரும் விட்டால்தானே.

கல்யாணத்துக்கு முன்னால் அவன் புளியறையில் இருந்தான். செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் அவன் சித்தப்பாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. கேரளாவுக்குப் போகிற லாரியும் வருகிற லாரியும் அங்கே வேகத்தைக் குறைக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் டிரைவரின் முகத்தைப் பார்த்து, எந்த மொழியில் கூப்பிடலாம் என்று முடிவு செய்து, அடுத்த கடைக்காரன் வாயைத் திறப்பதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும். மணிமுத்துவுக்கு அது கைவந்த வேலை. "வா சேட்டா, ஊணு ரெடி!" என்று ஒரு மூச்சு, அதே மூச்சில், "வாங்கண்ணாச்சி, ரசம் இப்பத்தான் எறக்குனது!" வாழ்க்கையில் அவன் சந்தோஷமாக இருந்தது அந்த ரோட்டோரத்தில்தான். அது அவனுக்கு அப்போது தெரியாது. கல்யாணமானால் இதைவிடச் சந்தோஷமாக இருக்கலாம் என்று சொன்னார்கள், நம்பிவிட்டான்.

பெண் வீட்டில் மாமனார் காலமாகியிருந்தார். மச்சினன் பாண்டிராஜ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மண்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆம்பிளை வேண்டும் என்று சொல்லி வீட்டோடு மாப்பிள்ளை தேடினார்கள். மறுவீடும் விருந்தும் முடிந்து மணிமுத்து மண்டிக்குப் போய்ப் பார்த்தால், மண்டியைப் பார்வதியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலம் அவள் குரலில் போனது. கணக்கு மகள் முத்துச்செல்வியின் கையில் இருந்தது. வண்டிக்காரர்களும் விவசாயிகளும் அவர்கள் இருவரையும் சுற்றி மொய்த்தார்கள். மணிமுத்துவுக்கு ஒரு சுழல் நாற்காலி போட்டிருந்தார்கள். அது சுழன்றது. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல முடியும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சேனைக்கிழங்கு மூட்டை ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டான். மண்டி அப்படியே நின்றது. லோடுமேன்களுக்குத் தலைவன் மாடக்கண்ணு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, நாங்க எதும் தப்புச் செஞ்சுட்டமா?"

"இல்லலே, சும்மா ஒரு கை குடுப்பமேன்னு..."

"எறக்கி வையிங்க. ஆச்சி பாத்தா எங்களத்தான் ஏசுவாவ. மாப்பிள்ளைய மூட்ட தூக்க விட்ட மண்டின்னு நாளைக்குச் சந்தையே சிரிக்கும்."

அதற்குள் பார்வதியம்மாளின் குரல் ஏலத்துக்கு நடுவிலிருந்து வந்தது: "ஏட்டி செல்வி, மாப்பிள்ளைக்கு வேர்க்குது பாரு. அந்த ஃபேன அங்கன திருப்பு."

ஃபேன் திரும்பியது. அதற்குப் பிறகு யாருக்கு வேர்த்தாலும் அது மணிமுத்துவின் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கெல்டோரா வந்தது பாண்டிராஜ் கல்லூரியை முடித்த வருஷம். சார்ஜாவிலிருந்து வந்த சிநேகிதன் ஒருவன், தான் ஆடிச் சலித்த கேம் பெட்டியையும் டிஸ்க்கையும் அவன் தலையில் கட்டிவிட்டுப் போனான். டிஸ்க்கில் நகத்தால் கிழித்த மாதிரி ஒரு கீறல். திரையில் வருகிற எழுத்து எந்த நாட்டு எழுத்தென்று யாருக்கும் தெரியவில்லை. ஆங்கிலம் மாதிரிதான் இருந்தது, ஆனால் எழுத்துக்கு எழுத்து வால் முளைத்திருந்தது. அதனால் விதியைப் படித்துத் தெரிந்துகொள்ளும் பேச்சே இல்லை. பாண்டிராஜ் கொஞ்ச நாள் எலும்புக்கூடுகளை வெட்டினான். பிறகு அலுத்துப்போய்ச் சாராயக் கடைக்குள் நுழைந்தான். மத்தியானம் சந்தை ஓய்ந்து மூட்டை மேல் சாய்ந்திருந்த லோடுமேன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்னொரு ரிமோட்டைச் செருகினால் இரண்டு பேர் எதிரெதிரே ஆடலாம் என்று கண்டுபிடித்ததும் பின்னறை நிரம்பிவிட்டது.

ஆட்டம் சிரமமில்லை. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம், நடுவில் ஒரு ஆறு. காவல்காரன் ஆற்றைத் தாண்ட மாட்டான், தோணி தாண்டும். எதிராளியின் கொம்பனைப் பிடித்தால் தீர்ந்தது. ஒன்றே ஒன்றுதான் விநோதம். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு படம் வரும். இரண்டு கொம்பு ராஜாக்கள் கட்டிக்கொள்வார்கள். இவன் ஓர் இளவட்டத்தை அவனிடம் கொடுப்பான், அவன் ஒருவனை இவனிடம் கொடுப்பான். படம் முடிந்ததும் பார்த்தால் நம்முடைய காய் ஒன்று எதிராளி கொம்பனுக்குப் பக்கத்துக் கட்டத்தில் போர்வை போர்த்தி நிற்கும். அவனுடையது நம் கொம்பனுக்குப் பக்கத்தில் நிற்கும்.

"இது என்ன காய்டே?" என்று மாடக்கண்ணு கேட்டான்.

பாண்டிராஜ் யோசிக்கவே இல்லை. "அடுத்தவன் வீட்டு நடுக்கூடத்துல நிக்கான். வேல ஒண்ணும் கெடையாது. எவனும் தொடவும் மாட்டான். மாப்பிள்ளைல்லா இது!"

அறையிலிருந்த அத்தனை பேரும் மணிமுத்துவைப் பார்க்காமலிருக்கப் பல்லாரி மூட்டையைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மணிமுத்துதான். வேறு வழி?

பேர் வைத்தாயிற்றா, விதி தானாக வந்துவிட்டது. மாப்பிள்ளையை வெட்டக் கூடாது. மாப்பிள்ளையை நகர்த்தவும் கூடாது. கேம் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. இவர்கள் ஒருவரும் அந்தக் காயின் மேல் ரிமோட்டை அழுத்திப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளையை யார் வேலை வாங்குவார்கள்? அதற்கு மேல் ஒரு சாமர்த்தியமும் கண்டுபிடித்தார்கள்: மாப்பிள்ளை நிற்கிற பக்கமிருந்து தாக்குதல் வராது, அதனால் கொம்பனை அவனோடு ஒட்டி நிறுத்திவிட்டால் ஒரு சுவர் மிச்சம்.

கேமிலே வருகிற சாராயக் கடைக்காரன் மட்டும் முதல் காரியமாகத் தன் கொம்பனை மாப்பிள்ளையிடமிருந்து தள்ளிக் கொண்டுபோய்விடுவான். "மருமவன் தொல்ல தாங்காம ஓடுதான் பாரு" என்று சிரிப்பார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கடைக்காரனோடு ஆடும்போது, அவனுடைய கொம்பனை மடக்கி, அடுத்த நகர்த்தலில் பிடித்துவிடலாம் என்கிற நேரத்தில், திரையில் ஏதோ பளிச்சென்று மின்னும். இருட்டிவிடும். வெளிச்சம் வரும்போது நம்முடைய கொம்பன் செத்துக் கிடப்பான், கடைக்காரன் பல்லைக் காட்டுவான். ஜெயிக்கப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் வரும். "கீறல்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். மாடக்கண்ணு டிஸ்க்கை எடுத்துத் தன் பனியனில் துடைத்துப் போடுவான். பிறகு வந்த இரண்டு பாகத்தையும் வாங்கிப்போட்டு, இப்படியே மூன்று பாகம் ஓடிவிட்டது. மூன்று டிஸ்க்கிலும் அதே மாதிரி கீறல் எப்படி விழுந்தது என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

இந்த வருஷம் சாரல் தொடங்கிய வாரத்தில் ஒரு சேதி வந்தது. ஐந்தருவியில் பார்வதியம்மாளுக்கு ஒரு சீசன் பழக்கடை உண்டு. வருஷா வருஷம் அதில் நிற்கிற குற்றாலிங்கம், மகள் வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். கடைக்கு ஆள் இல்லை. இதைக் கேட்டதும் மணிமுத்துவுக்குத் தொண்டை அரித்தது. வருகிற கூட்டமென்ன, எத்தனை ஊர் முகம், எத்தனை விதமாகக் கூப்பிடலாம்!

மத்தியானச் சாப்பாட்டில் கேட்டுவிட்டான். "அத்தை, ஐந்தருவிக் கடைய இந்த சீசனுக்கு நான் பாக்கேன்."

பார்வதியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "ஏட்டி, மாப்பிள்ளைக்கு இங்கன எதும் குறை வச்சமா?"

"குறையெல்லாம் இல்ல அத்தை. கடையில நிக்கணும்போல இருக்கு."

"நடுரோட்டுல நின்னு பழம் விக்கவா பொண்ணக் குடுத்தோம்? சொந்தக்காரங்க பூரா குளிக்க வருவாவ. பாத்தா என்ன நெனப்பாவ? மாமியாக்காரி சோறு போடலன்னு நெனப்பாவ. இன்னுங் கொஞ்சம் கூட்டு வையிட்டி."

பாண்டிராஜ் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: "அந்த இடத்த ஏங் கூட்டாளிக்குக் குடுத்துருவோம்மா. மோமோஸ் கடை போடுதேங்கான். வெள்ளிக்கிழமையே சாமான எறக்குதானாம்."

வெள்ளிக்கிழமை. கடை போனால் போனதுதான். மோமோஸ்காரன் ஒரு தடவை அடுப்பை வைத்துவிட்டால் கிளப்ப முடியாது. மணிமுத்து கூட்டைப் பிசைந்தபடியே இருந்தான்.

கை கழுவுகிற இடத்தில் மனைவியைப் பிடித்தான். "நீயாவது ஒரு வார்த்த சொல்லேன் செல்வி."

முத்துச்செல்வி சுருக்கமாகப் பேசுகிறவள். "நான் சொன்னா எங்கம்மா கேக்கும். ஆனா அது நான் வாங்கிக் குடுத்த கடையா இருக்கும். பரவால்லன்னா சொல்லுங்க, இப்பவே போய்ச் சொல்லுதேன்."

அவன் துண்டில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "வேண்டாம்" என்றான்.

அன்றைக்குப் பின்னறையில் ஆளில்லை. லோடுமேன்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மணிமுத்து கடைக்காரனோடு ஆடினான். மனசு ஆட்டத்தில் இல்லை; ஐந்தருவியில் மோமோஸ் வெந்துகொண்டிருந்தது. கடைக்காரனின் தோணி வந்து அவனுடைய கொம்பனை மடக்கியது. எதை நகர்த்துவதென்று தெரியாமல் கட்டைவிரல் பாட்டுக்குப் பலகையெல்லாம் சுற்றி, எதிராளி வீட்டில் போர்வையோடு நின்ற தன் மாப்பிள்ளையின் மேல் போய் நின்றது. அழுத்தியும்விட்டது.

மாப்பிள்ளையைச் சுற்றி எட்டுக் கட்டமும் பச்சையாக எரிந்தன.

மணிமுத்து முதலில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான். தப்பு ஏதோ செய்துவிட்ட மாதிரி வாசலைப் பார்த்தான். பிறகு எடுத்து, பக்கத்துக் கட்டத்தில் நின்ற காவல்காரனைக் காட்டி அழுத்தினான். பளிச்சென்று ஒரு மின்னல். திரை இருட்டியது. வெளிச்சம் வந்தபோது காவல்காரனைக் காணோம்; அவன் இடத்தில் மாப்பிள்ளை நின்றான், போர்வைக்குள்ளிருந்து ஒரு கத்தி எட்டிப் பார்த்தது.

அந்த மின்னல், அந்த இருட்டு. அது அவனுக்குப் பழகிய மின்னல்.

அதற்குப் பிறகு சந்தேகம் தீரும்வரை ஆடிப் பார்த்தான். சாதாரண நேரத்தில் மாப்பிள்ளை கல். எத்தனை அழுத்தினாலும் அசையாது. தன் வீட்டுக் கொம்பனுக்கு ஆபத்து என்று வந்தால் ஒரே ஒரு தரம் எழுந்திருக்கும், பக்கத்தில் நிற்கிற யாரை வேண்டுமானாலும் சாய்க்கும். ராஜாவானாலும் சரி. அதனால்தான் சாராயக் கடைக்காரன் தன் கொம்பனை அத்தனை அவசரமாகத் தள்ளிக் கொண்டுபோகிறான். அதனால்தான் இவர்கள் ஜெயிக்கப் போகிற நேரத்தில் சாகிறார்கள். மாடக்கண்ணு இத்தனை காலமும் பனியனால் துடைத்தது ஒரு கீறலையே அல்ல.

மறுநாள் மத்தியானம், அறை நிறைந்திருக்கும்போது, மணிமுத்து சொன்னான்: "ஏலே பாண்டி, ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா ஐந்தருவிக் கடை எனக்கு. நீயே அம்மைட்ட பேசி வாங்கித் தரணும். தோத்தா இனிமே அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"அத்தான், சும்மா வெளாட்டுக்கா?"

"நெசமாத்தான்."

பாண்டிராஜ் மாடக்கண்ணுவைப் பார்த்துக் கண்ணடித்தான். "சரி. பெறவு அழக் கூடாது."

முத்துச்செல்வி கணக்கை மூடிவிட்டு வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள். அவள் அந்த அறைக்குள் வருவது அபூர்வம்.

இந்த ஆட்டத்தில் மணிமுத்துவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மாப்பிள்ளை எழுந்திருக்க வேண்டுமென்றால் தன் கொம்பன் மாட்டிக்கொள்ள வேண்டும். அதாவது தோற்க வேண்டும். கச்சிதமாக, சந்தேகம் வராதபடி தோற்க வேண்டும். அவனும் தோணியை ஆற்றோடு விட்டான். காவல்காரர்களை வரிசையாகக் காவு கொடுத்தான்.

"அண்ணாச்சிக்கு இன்னைக்குக் கை ஓடலயே" என்றான் மாடக்கண்ணு.

"அண்ணாச்சி, ஆறு அந்தப் பக்கம் இருக்கு!" என்றான் இன்னொருவன்.

பாண்டிராஜ் வழக்கம்போலத் தன் கொம்பனை மாப்பிள்ளையோடு ஒட்டி நிறுத்தியிருந்தான். கால் மேல் கால் போட்டுக்கொண்டு கடைசித் தோணியை இறக்கினான். "கொம்பனுக்கு வச்சாச்சு அத்தான். மோமோஸ் வந்தா மொதப் பிளேட்டு ஒங்களுக்குத்தான்."

மணிமுத்துவின் கட்டைவிரல் மாப்பிள்ளையின் மேல் போய் நின்றது. அழுத்தியது.

மின்னல். இருட்டு. பாண்டிராஜின் கொம்பன் மல்லாந்து கிடந்தான்.

மணிமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"ச்சே!" என்று பாண்டிராஜ் தொடையில் அடித்தான். "கீறல்!"

"கீறல், கீறல்" என்று அறை முழுக்க ஆமோதித்தது. மாடக்கண்ணு எழுந்து டிஸ்க்கை எடுத்தான், பனியனைத் தூக்கினான், துடைத்தான்.

"இல்லலே. நாந்தான் அடிச்சேன். மாப்பிள்ளைய வச்சு அடிச்சேன்."

"செல்லாது அத்தான். மறுபடி ஆடுவோம்."

மறுபடி ஆடினார்கள். மணிமுத்து மறுபடி மானத்தை விட்டுத் தோற்றான், மறுபடி அழுத்தினான், மறுபடி பாண்டிராஜின் கொம்பன் விழுந்தான். மாடக்கண்ணு இந்தத் தடவை பனியனில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டான். மூன்றாவது தரமும் அதேதான். பாண்டிராஜ் நொந்துபோனான். "டிஸ்க்கு போச்சு. நம்ம ராசி, சரியா நான் ஜெயிக்கப் போற நேரம் பாத்துப் போவுது."

நிலையிலிருந்து முத்துச்செல்வியின் குரல் வந்தது. "கீறலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவுக அமுக்குனத நான் பாத்தேன். மாப்பிள்ளை எந்திரிச்சான்."

"எக்கா, ஒனக்கு ஆட்டம் தெரியாது. மாப்பிள்ளை எங்கயாவது நகருமா?"

"அதான" என்றான் மாடக்கண்ணு. "அப்பிடி ஒண்ணு ஆட்டத்துலயே கெடையாதே மயினி."

மணிமுத்து விளக்கினான். பச்சைக் கட்டத்தைப் பற்றிச் சொன்னான், சாராயக் கடைக்காரன் ஏன் ஓடுகிறான் என்று சொன்னான். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். தலையாட்டினார்கள். மாப்பிள்ளை பேசினால் கேட்க வேண்டும் இல்லையா? ஒருவன் எட்டி ஃபேனை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் திருப்பினான்.

அதோடு மணிமுத்து பேச்சை நிறுத்தினான். முகத்தில் காற்று அடித்தது. ரிமோட்டை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

வெளியே இசக்கிதுரையின் லோடு ஆட்டோ நின்றது. செங்கோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த மங்குஸ்தானும் ரம்புட்டானும் பெட்டி பெட்டியாக அதில் இருந்தன. சொந்தக் கடை இல்லையென்று ஆகிவிட்டதால், ஐந்தருவியில் வேறு யார் கடைக்காவது தள்ளிவிட ஏற்றியிருந்தார்கள். மணிமுத்து முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

"எங்கண்ணாச்சி?" என்றான் இசக்கிதுரை.

"ஐந்தருவிக்கு. எடுலே."

தடுப்பார்கள் என்றுதான் நினைத்தான். அதற்கு ஒரு பதிலும் மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தான், கொஞ்சம் நீளமான பதில். ஒருவரும் தடுக்கவில்லை. தராசுப் பக்கத்திலிருந்து பார்வதியம்மாள் எட்டிப் பார்த்தாள். "குளிக்கப் போறாவளா? போட்டும், பாவம், உஷ்ணம். ஏட்டி, துண்டு குடு. தலைய நல்லா துவட்டச் சொல்லு, சாரல்ல சளி புடிச்சுரும்."

முத்துச்செல்வி துண்டைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். துண்டு கனத்தது. பிரித்தால் உள்ளே ஐந்தருவிக் கடையின் சாவி.

அவன் அவளைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் குடுக்கல" என்றாள் அவள். "துண்டுல இருந்திருக்கு. போங்க."

ஐந்தருவியில் சாரல் பிடித்திருந்தது. பூட்டு துருப்பிடித்து அடம் பண்ணியது. பெட்டிகளை இறக்கி, பழத்தை அடுக்கி, எலி தின்றது போக மிச்சமிருந்த தார்ப்பாயை மேலே கட்டினான். எல்லாம் சரி. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. வந்ததும் காக்கைக்குத் தொண்டை கட்டின மாதிரி வந்தது. எதிரே சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வெந்நி வேணுமா?" என்றாள். அருவிக்குப் போகிற கூட்டம் அவனைத் தாண்டித் தாண்டிப் போனது. குளிக்கிற அவசரத்தில் இருப்பவன் பழத்தைப் பார்ப்பானா?

பாண்டிராஜின் மோமோஸ்தான் சரியோ என்று நினைக்கத் தொடங்கிய நேரத்தில் விசில் சத்தம் கேட்டது. அருவியில் தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை. போலீஸ்காரர்கள் கூட்டத்தைக் கயிறு போட்டு வெளியே தள்ளினார்கள். பாதி நனைந்தவன், எண்ணெய் மட்டும் தேய்த்து முடித்தவன், ஜட்டியோடு நின்று நியாயம் பேசுகிறவன் என்று அத்தனை ஊர் ஜனமும் செய்வதறியாமல் கடைவீதியில் வந்து நின்றது. மணிமுத்து முகங்களைப் பார்த்தான். புளியறை ரோடு ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகத்துக்கு வர நேரமே இல்லை.

"சேட்டா, வெள்ளம் எறங்க நேரமாகும், மங்குஸ்தான் மதுரமுண்டு! வாங்கண்ணாச்சி, எண்ணெய் தேச்ச ஒடம்புக்குக் குளிர்ச்சி! மதினி, பிள்ள அழுவுது, ஒரு ரம்புட்டான் குடுங்க, மயிர் மொளச்ச பழம், பாத்ததும் அழுகைய விட்டுரும்!"

பிள்ளை விடவில்லை, பயத்தில் இன்னும் கத்தியது. ஆனால் அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தவள் வாங்கினாள். அவள் வாங்குவதைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள்.

இருட்டுவதற்கு முன் பாண்டிராஜ் பைக்கில் வந்து சேர்ந்தான். "அத்தான், குளிச்சது போதும். அம்மா தேடுது." சொன்ன பிறகுதான் கடையைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். சட்டை நனைந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு நிறுத்துக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்தான். "என்ன செய்யுதிய இங்கன?"

"நீ எதுக்குக் குறுக்க நிக்க? அந்தப் பெட்டிய எறக்கு."

"வீட்டுக்குத் தெரிஞ்சா..."

"தம்பி, ரம்புட்டான் அரைக் கிலோ" என்று யாரோ பாண்டிராஜின் முதுகில் தட்டினார்கள். அவன் திருதிருவென்று விழித்தான். பெட்டியை இறக்கினான். கொஞ்ச நேரத்தில் அவனும் கத்திக்கொண்டிருந்தான், அத்தானை விட மோசமாக. பெட்டிகள் காலியானபோது இரண்டு பேருக்கும் குரல் இல்லை. சைகையிலேயே கடையைப் பூட்டினார்கள்.

மோமோஸ்காரனிடம் பாண்டிராஜ் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாமான் இறங்கவில்லை. கீறலைப் பற்றி மட்டும் அவன் பிடி கொடுக்கவே இல்லை. ஆனால் இப்போதெல்லாம் பின்னறையில் ஆட்டம் போட்டால், முதல் காரியமாகத் தன் கொம்பனை மாப்பிள்ளையிடமிருந்து ஆற்றங்கரை வரைக்கும் தள்ளிக் கொண்டுபோய்விடுகிறான். ஏனென்று கேட்டால், "கீறல் அந்தப் பக்கமாத்தான் வருது" என்கிறான்.

பார்வதியம்மாளைச் சமாளிப்பதுதான் பெரிய காரியமாக இருந்தது. இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. ஏலத்திலும் விலையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மருமகன் கடைக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. மூன்றாம் நாள், சுரண்டையிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரி, "என்ன மயினி, ஒங்க மாப்பிள்ளைய ஐந்தருவியில பாத்தேனே?" என்று இழுத்தபோது, பார்வதியம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்: "அத ஏங் கேக்க? மூட்டு வலி. நாப்பது நாள் அருவித் தண்ணியில நிக்கணும்னு வைத்தியர் சொல்லிட்டாரு. சும்மா நின்னா பொழுது போவுமா? கடை ஓரமா ஒக்காந்துருக்காவ."

கடை கிடைத்துவிட்டது. ஆனால் மூட்டு வலியோடு கிடைத்தது. சேதி சுரண்டை, கடையநல்லூர் என்று பரவி, இந்த சீசனில் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தைலத்தோடு வருகிறார்கள். தூரத்தில் தெரிந்த முகம் தட்டுப்பட்டதும் மணிமுத்து கத்துவதை நிறுத்திவிட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பிப்பான். எதிர்க்கடை அம்மாளுக்கு அதைப் பார்த்தால் சிப்ஸ் கருகும்வரை சிரிப்பு அடங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வியின் பெரியம்மா வந்தாள். நல்ல கூட்டம். மணிமுத்து கவனிப்பதற்குள் கடைக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டாள். அவன் அவசர அவசரமாக நொண்டினான்.

பெரியம்மா காலைக் கூர்ந்து பார்த்தாள். "வலது கால்ன்னுல்லா சொன்னாவ?"

"அது சரியாப் போச்சு பெரியம்மா. இப்ப இதுக்கு எறங்கிருக்கு. ஒங்களுக்கு மங்குஸ்தான் எத்தன கிலோ போடட்டும்?"